பெர்மிட் யார் கையில்? 1969 முதல் இன்றுவரை தோட்டங்கள் சொல்லும் பாடம்

அந்நியத் தொழிலாளர்களை நம்பியிருப்பதைக் குறைக்க வேண்டும் என்பது அரசாங்கம் வெளிப்படையாக அறிவித்துள்ள கொள்கை. 2025 ஜூலை 31 அன்று தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம், மொத்தத் தொழிலாளர்களில் அவர்களின் பங்கை 2030-க்குள் 10 விழுக்காடாகவும் 2035-க்குள் 5 விழுக்காடாகவும் குறைக்க இலக்கு வைத்துள்ளது. ஆனால், குலை வெட்ட ஆளில்லை என்ற தோட்ட நிறுவனங்களின் முறையீடு ஓயவில்லை. இதற்கிடையே, 2024 ஆகஸ்டு 20 அன்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் புதுடில்லி சென்றிருந்தபோது, தொழிலாளர்களைச் சேர்ப்பது, வேலைக்கு அமர்த்துவது, திருப்பி அனுப்புவது ஆகியவை பற்றி இந்தியாவும் மலேசியாவும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து, எந்தத் துறைக்கு என்றே பேச்சு எப்போதும் நடக்கிறது. வந்து சேர்ந்த தொழிலாளி இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி யார் கையில் இருக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த, வாழும் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஏறக்குறைய 56 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியால் அவர்களின் உறவினர்கள் கப்பல் ஏறினார்கள்.

'லெட்டர்' என்றால் என்ன?

பகாவ், கெமிஞ்சே, ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் என எந்த வட்டாரத்துத் தோட்ட அலுவலகமானாலும், வேலைக்கு ஆள் கொண்டுவர நினைப்பவர் முதலில் கேட்பது முதலாளியின் லெட்டரை. சட்டத்தில் அப்படி ஒரே ஒரு கடிதம் கிடையாது. பல தாள்கள் சேர்ந்துதான் அந்த லெட்டர் ஆகிறது.

முதல் தாள் தொழிலாளர் துறையின் அனுமதி. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, தலைமை இயக்குநரின் முன் அனுமதி இல்லாமல் எந்த முதலாளியும் அந்நியத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது. 60K பிரிவு சொல்வது இது. மீறினால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்தது குடிநுழைவுத் துறையின் ஒப்புதல். அது கிடைத்த பிறகே 'காலிங் விசா' எனப்படும் நுழைவு விசாவுக்கு வழி பிறக்கும். தொழிலாளி வந்து, மருத்துவப் பரிசோதனையில் தேறிய பின்னர், பி.எல்.கே.எஸ். என்ற தற்காலிக வேலை அனுமதி தரப்படுகிறது. பேச்சு வழக்கில் பெர்மிட் என்பது இதைத்தான். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். தோட்டத் துறைக்கான லெவி ஆண்டுக்கு 640 ரிங்கிட். 2018 முதல் அதை முதலாளியே செலுத்த வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இத்தனை கட்டங்களிலும் விண்ணப்பதாரர் முதலாளி ஒருவரே. தொழிலாளி கையெழுத்திடுவது வேலை ஒப்பந்தத்தில் மட்டும். அவருடைய பெர்மிட்டில் ஒரு முதலாளியின் பெயர் இருக்கிறது. அந்த முதலாளிக்குத்தான் அவர் வேலை செய்யலாம். அந்த முதலாளி புதுப்பிக்க மறந்தாலோ மறுத்தாலோ, தொழிலாளி தவறு ஏதும் செய்யாமலேயே சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுகிறார். குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அவர் மீது பாயும்: 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வேலையை விட்டுத் தொழிலாளி போய்விட்டால் 14 நாள்களுக்குள் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 60KA பிரிவு முதலாளியைப் பணிக்கிறது. அவர் ஏன் போனார், சம்பளம் வந்ததா, வீட்டில் தண்ணீர் இருந்ததா என்பதெல்லாம் பின்னால் வரும் விசாரணை. 'ஓடிவிட்டார்' என்ற பெயர் அதற்குள் நிலைத்துவிடும்.

கங்காணியின் தாள், துரையின் துண்டு

முதலாளியின் கையெழுத்து ஒரு தொழிலாளியின் வாழ்வைத் தாங்குவது இந்த மண்ணில் பழைய கதை. கங்காணி முறை நடந்த காலத்தில், தோட்டத் துரை கொடுத்த, தொழிலாளர் இலாகா பதிவுசெய்த உரிமத்தை மடியில் வைத்துக்கொண்டே கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். கிராம முன்சீப்பின் சான்று, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம், பிறகு கப்பல். பயணச் செலவுக்கு 1907-இல் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தாங்கள் வேலை வாங்கிய இந்தியத் தொழிலாளர்களின் அளவுக்கு ஏற்ப முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள். இன்றைய லெவியின் முன்னோர் என்று அதைச் சொல்லலாம். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவியோடு நடந்த தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்த பிறகே அந்த வழி அடைபட்டது.

இலங்கைத் தோட்டங்களில் இதன் இன்னொரு வடிவம் இருந்தது. அதன் பெயரே துண்டு. இந்தத் தொழிலாளியின் பெயரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுபவரிடம் இவரை விடத் தயார் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. கையில் துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. துண்டு கிடைத்தால், பழைய கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். தொழிலாளி நகர்ந்தாலும் கடன் அவரை விட்டு நகராது. 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒரு காகிதத்தால் ஆளைக் கட்டிவைக்க முடியும் என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

1969: சிவப்பு அட்டையும் பெர்மிட்டும்

மலேசியத் தமிழர்களின் நினைவில் ஆழப் பதிந்தது 1969. அதன் வேர் 1957-இல் இருக்கிறது. மெர்டேக்காவுக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை பிறப்பாலேயே கிடைத்தது. 1962-க்குப் பிறகு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. மெர்டேக்காவுக்கு முன்பு பிறந்தவர்களும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. வசிப்புக் காலம், நன்னடத்தை, ஓரளவு மலாய்மொழி அறிவு ஆகியவை பார்க்கப்பட்டன. மொழித் தேர்விலிருந்து முதல் ஓராண்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

தோட்டத்துக்குள்ளேயே வாழ்க்கை முடிந்த பலருக்கு இந்த ஓராண்டுச் சலுகையின் அருமை தெரியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பாரம் நிரப்பக் கிராணியை எதிர்பார்த்தவர்கள், ஒருநாள் வேலையை விட்டுப் பட்டணத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று தயங்கியவர்கள் எனப் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். ஒரே லயத்து வீட்டில் கணவருக்குச் சிவப்பு, மனைவிக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம் என்ற நிலை இருந்தது. அன்றாட வாழ்க்கையில் நிறத்தால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பால் வெட்டவும் கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுக்கவும் அட்டையை யாரும் கேட்டதில்லை.

1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு (கட்டுப்பாட்டு)ச் சட்டம் அதை மாற்றியது. பெர்மிட் இல்லாமல் குடியுரிமையற்றவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, வேலையில்லாத் திண்டாட்டம் அரசியலின் நடுவில் வந்து நின்றபோது, சட்டம் கடுமையாக அமல்படுத்தப்பட்டது. அதுவரை பல ஆண்டுகள் அதே நிரையில் பால் வெட்டியவர் திடீரென்று அனுமதி தேவைப்படும் அந்நியர் ஆனார். இந்த ஆள் எனக்குத் தேவை என்று சொல்லும் நிர்வாகம் இருந்தால்தான் அவருக்கு வழி.

அப்படிச் சொல்லும் நிலையில் எல்லா நிர்வாகங்களும் இல்லை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பெரிய வெள்ளையர் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றுக்கொண்டிருந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் விரிவாக ஆராய்ந்தார். துண்டு வாங்கிய புது உரிமையாளர்களுக்கு லயமும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் சுமையாகத் தெரிந்தன. நிரந்தரத் தொழிலாளிக்குப் பதில் குத்தகைக்காரர் கொண்டுவரும் ஆள் போதும் என்று பலர் நினைத்தார்கள். ரப்பரைவிடக் குறைவான ஆள் தேவைப்படும் செம்பனையும் வந்துகொண்டிருந்தது. சிவப்பு அட்டைக்காரருக்காகப் பேனா எடுக்க இந்த முதலாளிகளுக்குக் காரணம் குறைவு.

பெர்மிட் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்தில் வீடு இல்லை. சம்பளமும் கூரையும் ஒரே நாளில் போகும் வேலை இது. அந்த ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போனதாக வரலாற்று ஆய்வுகள் பரவலாகக் குறிப்பிடுகின்றன. மலாயாவையும் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் இணைத்து ஓடிய 'ரஜுலா' போன்ற கப்பல்கள், ஒருகாலத்தில் ஏற்றி வந்தவர்களையே திருப்பி ஏற்றிச் சென்றன. போனவர்களில் பலருக்கு இங்கே இருந்தது வாழ்க்கை. அங்கே இருந்தது ஊர்ப் பெயர் மட்டும்.

இலங்கையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களுக்குக் கொடுமையானதுதான். ஆனாலும் எத்தனை பேர் இந்தியாவுக்கு, எத்தனை பேர் இலங்கைக்கு என்று அதில் எழுதியிருந்தது. திரும்பியோருக்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. பின்னாளில் அதுவே டான்டீ நிறுவனம் ஆனது. மலேசியாவிலிருந்து போனவர்களுக்கு அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லை. அரசாங்கங்களின் பேரேட்டில் அவர்கள் தாமாகவே ஊர் திரும்பிய பயணிகள்.

துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பொருள் இந்தப் பின்னணியில் இன்னும் தெளிவாகும். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கினால், அவருக்காகக் கடிதம் எழுத வேறு துரை வேண்டியதில்லை. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் 1961-இல் அப்படி வாங்கப்பட்டது. ஆனால் துண்டாடலின் வேகம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அனுப்பியது ஒரு கை, அழைத்தது மறு கை

60,000 பேர் போன பிறகு என்ன நடந்தது? தோட்டங்களில் ஆள் தட்டுப்பாடு வந்தது. நெகிரி செம்பிலானிலும் மற்ற மாநிலங்களிலும் தோட்டத்துப் பிள்ளைகள் படித்து, தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் போனார்கள். 1970களில் குத்தகைக்காரர்கள் வழியாக இந்தோனேசியர்கள் வரத் தொடங்கினார்கள், பலர் ஆவணமே இல்லாமல். 1984 மே மாதம் மேடானில் மலேசியாவும் இந்தோனேசியாவும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வரவழைப்பதே அதன் நோக்கம். பெர்மிட் இல்லை என்று பழகிய கைகளை அனுப்பிய 15 ஆண்டுகளுக்குள், பெர்மிட் கொடுத்துப் புதிய கைகளை அழைக்க வேண்டியதாயிற்று.

ஆள் அதிகம், வேலை குறைவு என்ற கணக்கில் 1969-இல் எடுத்த முடிவு, ஆள் குறைவு, வேலை அதிகம் என்ற கணக்கில் முடிந்தது. 2035-க்குள் 5 விழுக்காடு என்ற இலக்கைப் பேசும்போது இந்தப் பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பது நல்லது. இயந்திரமும் நியாயமான சம்பளமும் வராமல் எண்ணிக்கையை மட்டும் வெட்டினால், அடுத்த தட்டுப்பாட்டில் அவசரக் கதவு மீண்டும் திறக்கும். அவசரக் கதவு வழியாக வருபவர்களே அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள்.

அண்மைய சான்று 2023. ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கம் விதிகளைத் தளர்த்தியது. மார்ச் 18 அன்று புதிய ஒதுக்கீடு நிறுத்தப்படுவதற்குள், ஏறக்குறைய 10 லட்சம் அந்நியத் தொழிலாளர்களுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டுவிட்டது. கையில் ஒப்புதல் இருந்த எல்லா முதலாளிகளிடமும் வேலை இருந்ததா என்ற கேள்விக்கு அந்த ஆண்டு டிசம்பரில் ஜொகூரின் பெங்கேராங்கில் பதில் கிடைத்தது. வேலை தருவதாகக் கூட்டிவந்து வேலை கொடுக்கவில்லை என்று புகார் செய்ய 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் காவல் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களே தடுத்துவைக்கப்பட்டார்கள். பிறகு தொழிலாளர் துறை தலையிட, 700-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய சம்பளமாகப் பத்து லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் தர முதலாளி உடன்பட்டார். முறையான விசா, முறையான முத்திரை எல்லாம் இருந்தன. இல்லாதது வேலை.

அடுத்த அதிர்ச்சி 2024 மே 31. காலிங் விசா பெற்றவர்கள் நாட்டுக்குள் வரக் கடைசி நாள் அது. எல்லாத் தாள்களும் தயாராக இருந்தும் சுமார் 17,000 வங்காளதேசத் தொழிலாளர்கள் விமானம் ஏற முடியாமல் நின்றார்கள். பலர் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள்.

கடப்பிதழ் பூட்டிய அலமாரி

முதலாளியின் கையெழுத்தோடு அடிக்கடி சேர்ந்தே வருவது கடப்பிதழ். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற பெயரில் அதை அலுவலக அலமாரியில் பூட்டிவைப்பது பல இடங்களில் வழக்கமாகவே இருந்தது. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, அதிகாரமில்லாமல் இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம்.

இதை வெளியுலகம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதை 2020 காட்டியது. அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆண்டு செப்டம்பரில் எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கும் தடை ஆணை பிறப்பித்தது. கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்தவற்றை வைத்தே அந்த ஆணைகள் பிறந்தன. அடையாளப் பத்திரங்களைப் பறித்துவைப்பதும் கடனில் கட்டிவைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. சைம் டார்பி பிளாண்டேஷன் தன் நடைமுறைகளை மாற்றியது. தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித்தரச் சுமார் 82 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 90B பிரிவும் கட்டாய உழைப்பைத் தனிக் குற்றமாக்கியுள்ளது.

தமிழ்நாட்டிலிருந்து வருவோர்

இந்தியர்களுக்குத் தோட்டத் துறை திறந்திருக்கிறது. அதனால் தமிழ்நாட்டு உறவினர்களிடமிருந்து நெகிரி செம்பிலான் குடும்பங்களுக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'அங்கே ஒரு லெட்டர் வாங்கிக் கொடுக்க முடியுமா?' உதவ நினைப்பவர்கள் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுவது கடமை.

முதலாவது, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்ற சலுகை சுற்றுலாவுக்கானது. வந்துவிடு, லெட்டர் பிறகு வரும் என்று சொல்லும் ஏஜெண்ட் ஏமாற்றுகிறார். சுற்றுலாவுக்கு வந்தவர் தோட்டத்தில் வேலை செய்தால் அவரும் குற்றவாளி, வேலை கொடுத்தவரும் குற்றவாளி. குடிநுழைவுச் சட்டத்தின் 55B பிரிவின்படி, முறையான அனுமதி இல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை முதலாளிக்கு அபராதம் உண்டு.

இரண்டாவது, பத்தாம் வகுப்புத் தேறாதவரின் இந்தியக் கடப்பிதழில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வேலைக்காக அவர் போகும்போது முன் அனுமதி பெற வேண்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளமும் இதைக் கவனிக்கின்றன. அந்த வழியில் போனால் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பது பதிவாகும். பின்னால் தகராறு வந்தால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

மூன்றாவது, சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்து, ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. அந்நியத் தொழிலாளருக்கும் அதே தொகை. 2019 முதல் அவர்களுக்கு சொக்சோ விபத்துப் பாதுகாப்பு உண்டு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கு முதலாளி 2 விழுக்காடும் தொழிலாளி 2 விழுக்காடும் செலுத்த வேண்டும். ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு தொகையும் இங்கே நீட்டப்படும் ஒப்பந்தத்தில் வேறு தொகையும் இருந்தால், அந்த முதலாளியின் லெட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

கையெழுத்திடும் இடத்தில் தமிழர்

1969-க்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று தமிழர்கள் கடிதத்துக்காகக் காத்து நின்றார்கள். இன்று அவர்களில் பலர் கடிதம் எழுதும் இடத்தில் இருக்கிறார்கள். தோட்டத்தில் கிராணி, மண்டோர், உதவி நிர்வாகி. பட்டணத்தில் உணவகம், முடிதிருத்தும் நிலையம், நகைக்கடை, துணிக்கடை, கோயில் நிர்வாகம். முடிதிருத்தும் நிலையம், பொற்கொல்லர் தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துணைத் துறைகளுக்கும் 2009 முதல் அடைபட்டிருந்த கதவு, 2023 செப்டம்பரில் 7,500 பேருக்குத் திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, சிரம்பான் கடைத்தெருவிலும் அந்தச் செய்தி மகிழ்ச்சியோடு பேசப்பட்டது.

ஆள் தேவை என்பது உண்மையான நெருக்கடி. அதோடு வரும் பொறுப்பும் உண்மையானது. பெர்மிட் முடியும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து முன்கூட்டியே புதுப்பிப்பது, கடப்பிதழைத் தொழிலாளியிடமே விடுவது, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டுச் சம்பளச் சீட்டு கொடுப்பது, 1990ஆம் ஆண்டு வீடமைப்பு வசதிச் சட்டப்படி தங்குமிடம் தருவது ஆகியவை சட்டம் கேட்கும் வேலைகள். பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டேன் என்பதை மிரட்டலாகச் சொல்லும் கடைக்காரர், தம் தாத்தாவிடம் ஒரு துரை பேசிய பேச்சையே பேசுகிறார்.

உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் இதில் பங்குண்டு. அந்நியத் தொழிலாளரை வைப்பதற்காக உள்ளூர்த் தொழிலாளியை நீக்கக் கூடாது என்கிறது வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60M பிரிவு. ஆள் குறைப்பு வந்தால் அதே வேலையில் உள்ள அந்நியத் தொழிலாளரை முதலில் நிறுத்த வேண்டும் என்கிறது 60N. இந்தப் பாதுகாப்பு இருந்தும், முதலாளிகள் கட்டிவைக்கப்பட்ட தொழிலாளியை விரும்புவதன் காரணம் வெளிப்படை. அவர் வேலை மாற முடியாது. சம்பள உயர்வு கேட்கத் தயங்குவார். அவருடைய கட்டு தளர்ந்தால், பக்கத்து நிரையில் வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியின் பேரம் பேசும் வலிமையும் கூடும். இந்த உண்மையைத் தொழிற்சங்கங்கள் முன்பே உணர்ந்தவை. 1940களில் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய பி.பி. நாராயணன் பின்னர் வழிநடத்திய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் அந்நியத் தொழிலாளர்களும் உறுப்பினராகலாம்.

கட்டு தளர வழி உண்டா?

முதலாளியின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் தொழிலாளி வேலை மாறலாம் என்று சொன்னால் தொழில் நின்றுவிடும் என்பது வழக்கமான பயம். கத்தார் 2020-இல் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத் தேவையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் சில நிபந்தனைகளோடு அதே திசையில் நகர்ந்தது. நடைமுறையில் அங்கே குறைகள் இன்னும் உண்டு. ஆனாலும் அந்த நாடுகளின் கட்டுமானம் நின்றுவிடவில்லை. மலேசியாவிலும் வேலை கிடைக்காத தொழிலாளர்களை வேறு முதலாளிகளிடம் மாற்றுவதற்கு, பெங்கேராங் போன்ற நெருக்கடிகளின்போது அரசாங்கம் இடமளித்திருக்கிறது. நெருக்கடியில் செய்ய முடிந்ததை விதியாகவும் எழுதலாம்.

தோட்டத் துறைக்கு அது கடினமும் இல்லை. பெர்மிட்டை ஒரு முதலாளியின் பெயரில் கட்டாமல் தோட்டத் துறையின் பெயரில் வழங்கலாம். சம்பளம் தரப்படவில்லை என்று தொழிலாளர் துறை கண்டறிந்தால், வழக்கு முடியும்வரை வேலை செய்யும் உரிமையோடு தொழிலாளி தங்க வழி செய்யலாம். புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது முதலாளிக்குப் போகும் அறிவிப்பு, தொழிலாளியின் கைப்பேசிக்கும் அவர் மொழியிலேயே போகலாம். பெரிய செலவு இல்லாத மாற்றங்கள் இவை.

1969-இன் நிழல் குடியுரிமைப் பக்கத்திலும் இன்னும் நீங்கவில்லை. சிவப்பு அட்டையோடு முதுமையை எட்டியவர்கள் தோட்டப் பகுதிகளில் இன்றும் இருக்கிறார்கள். 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் தானியங்கிக் குடியுரிமைக்கான வழியை அகற்றுகிறது. அப்படிப்பட்ட குடும்பங்கள் விண்ணப்பங்களைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 1957-58இன் ஓராண்டைத் தவறவிட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

புதுடில்லியில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்தியத் தொழிலாளர்களுக்கு முறையான பாதை தரும் என்றே இரு அரசாங்கங்களும் சொல்கின்றன. போர்ட்டிக்சன், சிரம்பான், ரந்தாவ், ஜெம்போல் வட்டார மக்கள் பிரதிநிதிகள் அதன் நடைமுறை விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்ற வரிக்கு முன்னால் அவர்கள் தேட வேண்டியது இன்னொரு வரி: முதலாளி ஏமாற்றினால், அவர் கடிதம் இல்லாமலேயே அந்தத் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போய் வேலை கேட்க முடியுமா? முடியும் என்று அதில் எழுதியிருக்காவிட்டால், எழுதவைப்பதுதான் அவர்களுக்கு உள்ள முதல் வேலை.